ஒரே சட்டம், ஆளுக்கொரு வயசு

மனைக்குக் கொடுத்த முன்பணம் ஒரு லட்சம், வக்கீல் நோட்டீசுக்கு ஆறாயிரம், பத்திரம் எழுதி எழுதிக் கிழித்ததில் பதினெட்டாயிரம். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் என் கையை விட்டுப் போன பணம் இது. மூன்றரை வருஷம் அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசாததைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். அதனால்தான் வீட்டு விஷயம் என்று பார்க்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். முன்பக்கம் குடியிருப்பு, பின்னால் தறிக்கூடம். கொள்ளுத் தாத்தா வாங்கிய இடம். நாலு குழித்தறி ஓடிய கூடத்தில் இப்போது குழிகளை மூடி சிமெண்ட் பூசியிருக்கிறது, ஆனாலும் மழைக்காலத்தில் அந்த நாலு சதுரமும் ஈரம் பூத்துத் தனியாகத் தெரியும். 2019-ல் இதைப் பிரித்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். பத்திர எழுத்தர் சொன்ன ஏற்பாடு இது: வீடு அப்பாவுக்கும் அண்ணனுக்கும். அக்காவும் நானும் ஆளுக்கு நாலு லட்சம் வாங்கிக்கொண்டு, பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஏப்ரல் 24-ம் தேதி பதிவு. நான் அந்த நாலு லட்சத்தை நம்பி அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு மனைக்கு ஒரு லட்சம் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் ஒப்பந்தம் போட்டுவிட்டேன். முதல் முட்டாள்தனம் அதுதான். கைக்கு வராத பாகப் பணத்தைக் கணக்கில் வைத்து யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், "குடும்பப் பத்திரப் பதிவு முடியாவிட்டால் முன்பணம் திரும்பும்" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததற்கு எனக்கு ஆன செலவு ஒரு லட்சம்.

பதிவுக்குப் பத்து நாள் முன்னால் சித்திரை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல எல்லோரும் அம்மாப்பேட்டையில் கூடினோம். அந்த வியாழக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல். தெருமுனையில் இரண்டு கட்சி ஆட்டோவும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

அன்றைக்கு இலை போட்டு உட்கார்ந்தவர்கள் யார், அவரவர் எந்த ஆட்சியில் வளர்ந்தவர்கள் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அப்பா 1947-ல் பிறந்தவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சர் காமராஜர், அப்பாவின் பள்ளிக்கூடக் காலம் கிட்டத்தட்ட முழுக்க அதற்குள் அடங்கிவிடும். 1956-ல் வந்த மதிய உணவைத் தட்டேந்திச் சாப்பிட்டவர். ஆனால் 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது அவருக்குப் பதினேழு வயசு, பி.யூ.சி. என்ற அந்தக் காலத்துப் புகுமுக வகுப்பு மாணவர். ஊர்வலத்தில் வாங்கிய லத்தியடி இடது முழங்காலுக்குக் கீழே தழும்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த சம்பந்திகளுக்கெல்லாம் வேட்டியை விலக்கிக் காட்டியிருக்கிறார். 1967 தேர்தலுக்கு ராத்திரி பகலாகச் சுவரெழுத்து எழுதினார். அண்ணா ஜெயித்தார், ஆனால் அப்பாவுக்கு ஓட்டு இல்லை. அன்றைக்கு ஓட்டு வயசு இருபத்தொன்று. "சோறு போட்டவன் காமராசு, நீ கொடி புடிச்சது இன்னொருத்தனுக்கு" என்று தாத்தா சாகும்வரை அவரைக் குத்திக்கொண்டிருந்தார். தாத்தா கடைசி வரை காங்கிரஸ். 1937 அக்டோபர் ஒன்றாம் தேதி ராஜாஜி ஆட்சி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். தாத்தாவுக்கு அப்போது பதினாலு வயசு. வாரக்கூலி கள்ளுக்கடை வழியாகப் போகாமல் நேராக அவருடைய அம்மா கையில் வந்து விழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் ஐம்பது வருஷம் யார் என்ன சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை.

அம்மா 1950. கல்யாணம் ஆகி வந்து தார் சுற்றி, பாவு இழைத்து, மூன்று பிள்ளை பெற்றவள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது சமையல் உதவியாளாகச் சேர்ந்தாள். தன் பேரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய முதல் சம்பளம். தறிக்கூலி எத்தனை வருஷம் உழைத்தும் அப்பா கைக்குத்தான் போயிருக்கிறது. அண்ணன் 1970, அரசு ஊழியர். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அதில் அவரும் ஒருவர். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பச் சேர்ந்தார். அந்தக் கடிதத்தின் நகலை அண்ணி இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அண்ணனுக்கு அது தெரியாது. அண்ணன் மகன் 2000-ல் பிறந்தவன், 2019-ல்தான் முதல் ஓட்டு. பத்தாவது முடிக்கையில் இருந்த ஆட்சியே மறுபடி ஜெயித்தது, பதினாறு வயசில் ஜெயலலிதா மரணம், ஒரு மாதத்தில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்து வளர்ந்தவன்.

நான் 1973. நான் எந்தக் கட்சியும் இல்லை என்று அன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

பேச்சு எப்படித் தொடங்கியது என்று இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. மாங்காய்ப் பச்சடியில் உப்புக் குறைவு என்று தொடங்கி, உப்பு விலை, ரேஷன் கடை என்று போய், மருமகன், அதாவது அண்ணன் மகன், "இலவசம் குடுத்துக் குடுத்தே ரெண்டு கட்சியும் நாட்டைக் கெடுத்து வெச்சிருக்கு அத்தை" என்றான். ரசக் கரண்டியோடு நின்ற அம்மா, "அப்ப நான் இருபத்தஞ்சு வருசம் பிள்ளைங்களுக்குச் சோறாக்கிப் போட்டது கெடுத்ததாடா?" என்றாள். அவன், "அதை யாரு சொன்னா பாட்டி?" என்று இழுத்தான். அப்பா, "இவனுக்கு இந்திய உள்ள விட்டா போதும், எல்லாம் சரியாயிரும்" என்று சம்பந்தமே இல்லாமல் அங்கே போனார். அவன் உடனே, இந்தி தெரிந்திருந்தால் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கும் என்றான். அண்ணன் 2003-க்குப் போனார். ஆளாளுக்கு ஒரு வருஷத்தில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தோம். அதுவரைகூடப் பரவாயில்லை. எங்கள் வீட்டில் இது புதிதல்ல, பாயசம் வந்தால் அடங்கிவிடும்.

நான்தான் வாயைத் திறந்தேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிற கசப்பு உள்ளே கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். "பொம்பளைக்குச் சொத்துல சம பங்குன்னு 89-ல உங்க ஆட்சிதானப்பா சட்டம் போட்டுச்சு? மேடையேறிப் பேசினீங்களே, அது ஊருக்கு மட்டும்தானா?" என்றேன். சம்பந்தி வீட்டார், அண்ணி, பேரப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும். அப்பா பதில் சொல்லவில்லை. பாயசம் ஊற்றாத இலையை மூடாமல் எழுந்து போய்க் கை கழுவினார். எங்கள் வீட்டில் இலையை மூடாமல் எழுவது சாமானியமான காரியம் இல்லை. சாயந்திரம் அண்ணனிடம், "யாருக்கும் எதுவும் எழுதலை. நான் செத்த பின்னாடி பிரிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நேரத்தில், பண்டிகைச் சாப்பாட்டில், நாலு பேர் முன்னால் சொத்துப் பேச்சே வேண்டாம். பதிவு நாளைக் குறிக்கும்போது காலண்டரில் அமாவாசை, கரிநாள், ராகு காலம் எல்லாம் பார்க்கிறோம். தேர்தல் தேதியையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் பத்திரம் நின்றது அதனால்தான். இன்னொன்று: உங்கள் பக்கம் நியாயமே இருந்தாலும், பெரியவர்களின் தலைவரை, அவர்கள் கட்சியை எடுத்து அவர்களையே அடிக்காதீர்கள். அந்த அடி எங்கே விழுகிறது என்பது அடிக்கிற நமக்குத் தெரியாது.

ஆறு மாதக் கெடு முடிந்தது, முன்பணம் போயிற்று. பிறகு கொரோனா. 2020 ஆகஸ்ட் 11-ம் தேதி மகள்களின் பங்கு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. செய்தியைப் பார்த்த சூட்டில் அக்டோபரில் ஒரு வக்கீலைப் பிடித்து அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். தபால்காரர் கொடுத்த பதிவுத் தபாலை அப்பா வாசலில் நின்றே படித்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். மகள் பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாராம். அந்த ஆறாயிரத்தை நான் செலவு செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்த வக்கீலிடம் உட்கார்ந்ததில்தான் பத்திர எழுத்தர் எங்களை எவ்வளவு தப்பாக நடத்தியிருக்கிறார் என்று தெரிந்தது. அக்கா 1987-ல் கல்யாணமானவள். தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை என்றது. அதை வைத்து, "பெரிய பொண்ணுக்கு ஒண்ணுமே கிடையாதுங்க, நாலு லட்சமே தர்மம்" என்று அவர் சொல்லியிருந்தார். 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தக் கல்யாணத் தேதிப் பாகுபாடே கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ளது எல்லா மகளுக்கும் உண்டு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தால்தான் உண்டா என்ற குழப்பத்தையும் 2020 தீர்ப்பு தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ பிரித்துக்கொண்ட சொத்தை இப்போது கிளற முடியாது. அதே மாதிரி, ஊர் வழக்கத்தில் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டப்படி பூர்வீகம் ஆகாது. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த வீடு அவருக்குப் பிறகு அப்பாவுக்கு வந்திருந்தால் கதை வேறு. அதனால் முதலில் மூலப் பத்திரத்தை எடுத்து யார் வாங்கியது என்று பாருங்கள், பிறகு வில்லங்கச் சான்று, பிறகு பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். பத்திர எழுத்தரிடம் எழுத்து வேலையைக் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியை வக்கீலிடம் ஒரு தரமாவது கேளுங்கள்.

நோட்டீசுக்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மாப்பேட்டைப் பக்கமே போகவில்லை. அம்மா மட்டும் மத்தியானத்தில் ரகசியமாகப் போன் செய்வாள். அந்தச் சமயத்தில் என் மகள் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஊரடங்கில் கூடத்திலேயே வகுப்பு. ஒரு நாள் கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியல் அறிஞர் 1928-ல் தலைமுறைகளைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். வாலிபத்தில் முதன்முதலாகப் பார்க்கிற உலகம்தான் இயற்கையான உலகம் என்று மனசில் பதிந்துவிடும், அப்புறம் வருவதையெல்லாம் அதை வைத்தே அளப்போம் என்பது அதன் சாரம். அமெரிக்க வாக்காளர்களை ஆராய்ந்தவர்கள் பதினாலிலிருந்து இருபத்து நாலு வயசு வரை நடந்த அரசியல்தான் அதிகமாக ஒட்டுகிறது என்று கண்டார்களாம். ஜெர்மனி ஒன்றான பிறகும், கிழக்கே வளர்ந்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கும் வேலைக்கும் அரசுதான் பொறுப்பு என்று மேற்கே வளர்ந்தவர்களைவிட அழுத்தமாக நம்பினார்கள், அந்த வித்தியாசம் கரைய ஒன்றிரண்டு தலைமுறை ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள் என்றும் சொன்னாள்.

நான் உடனே மடக்கினேன். "அப்ப உன் அம்மாச்சி? அவளுக்கு எம்.ஜி.ஆர். சம்பளம் குடுத்தப்ப முப்பத்திரண்டு வயசு. மாமாவுக்கு 2003-ல முப்பத்து மூணு." மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாச்சி அதுக்கு முன்னாடி வீட்ட விட்டு எங்கம்மா வெளிய போனாங்க? அவங்களுக்குப் பதினெட்டு வயசே முப்பத்திரண்டுலதான் வந்திருக்கு" என்றாள். பாடப் புத்தகத்தில் அது இருக்காது, ஆனால் எனக்கு அது சரியென்று பட்டது. மாமாவுக்கு என்ன பதில் என்று கேட்டதற்கு, அடி பலமாக விழுந்தால் எந்த வயசிலும் எலும்பு முறியும் என்றாள். கெட்டிக்காரி. "நீ எந்த வருசத்து ஆளும்மா?" என்று அடுத்துக் கேட்டாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரவெல்லாம் யோசித்தேன். என் முதல் ஓட்டு 1996. ஆட்சியில் இருந்த முதலமைச்சரே பக்கத்து பர்கூரில் தோற்ற தேர்தல். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறி மாறி வந்ததை 2011 வரைக்கும் பார்த்தேன். "எல்லாரும் ஒண்ணுதான், எவனையும் அஞ்சு வருசத்துக்கு மேல நம்பாதே" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தது ஏதோ தெளிந்த ஞானம் இல்லை, அப்பாவின் தழும்பு மாதிரி என் வயசுக்கு விழுந்த தழும்பு. மருமகனுக்கு அது அலட்சியமாகத் தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் துரோகமாகவே தெரிந்திருக்கும்.

2022 நவம்பரில் ஏற்காட்டில் அத்தை பேத்திக்குக் காதுகுத்து. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி. வேறு வழியில்லாமல் அப்பாவை நான் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். அடிவாரம் தாண்டி வளைவுகளுக்கு எண் போட்ட பலகைகள் வர ஆரம்பித்தன. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஆறாவது வளைவு வரை பேச்சில்லை. மலைச்சுவரில் ஏதோ பழைய விளம்பரம் பாதி அழிந்து கிடந்தது. சும்மா கேட்டேன், "67-ல நீங்க சுவரெழுத்து எழுதினப்ப எதுலப்பா எழுதினீங்க? அப்ப ஏது பெயிண்ட்டு?"

அவ்வளவுதான் கேட்டேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, சுண்ணாம்பில் நீலம் கலந்தது, செங்காவிக்குத் தனியாக ஒரு தகர டப்பா, பிரஷ்ஷுக்கு ஈச்ச மட்டையைக் கல்லில் வைத்து நசுக்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அரிசித் தட்டுப்பாட்டு வருஷம், ராத்திரி எழுதுகிறவர்களுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்த ஒரு கிழவியைப் பற்றிச் சொன்னார். "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு எழுதறோம். எழுதற எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல" என்று சிரித்தார். லத்தியடியைப் பற்றி இதுவரை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன், பசியைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதே இல்லை.

பதினாறாவது வளைவு வாக்கில் நான் சொன்னேன்: "89-ல நம்ம தெருமுனையில பேசினீங்களேப்பா, அந்தச் சொத்துச் சட்டத்தப் பத்தி. செங்கல்பட்டு மாநாட்டுல 1929-லயே பெரியார் தீர்மானம் போட்டாரு, அறுபது வருசம் கழிச்சு நிறைவேத்திட்டோம்னு. நான் கீழ மண்ணுல உக்காந்து கேட்டுட்டிருந்தேன். எனக்குப் பதினாறு வயசு. நீங்க சொன்னத அப்படியே நம்பிட்டேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். நான் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் கடைசி வளைவில் திணறி ஏறும்போது சொன்னார்: "நான் அன்னைக்கி கைதட்டு விழுவுமேன்னு பேசுனேன் கண்ணு."

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயசு. அந்த வயசில் அந்தச் சட்டம் அவருக்குக் கட்சியின் சாதனை, மேடைக்கு ஒரு நல்ல வரி. எனக்குப் பதினாறு, அது எலும்பில் ஏறிவிட்டது. அக்காவுக்கு இருபத்தொன்று, இடுப்பில் பிள்ளை, ஏற்கெனவே அந்தத் தேதிக்கு வெளியே நின்றவள். "நமக்கு ஏதுடி பங்கு, சீர் வாங்கியாச்சு" என்று கடைசி வரை சொன்னது அவள்தான். பிறகு அப்பா, அக்கா, அண்ணன், நான் என்று நாலு பங்காகப் பிரிக்கப் பேச்சு வந்தபோது, இலவசத்தைத் திட்டிய அதே மருமகன், "இதுல பேச என்ன இருக்கு? நாலு பேருன்னா நாலு பங்கு" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு விவரம் தெரிந்ததிலிருந்தே சட்டம் அப்படித்தான், அவனுக்கு அதில் அதிசயமே இல்லை. ஒரே சட்டத்தை இத்தனை வயசில் வைத்துப் பார்த்ததில்தான், அந்தச் சித்திரை மத்தியானம் நாங்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டோம் என்று எனக்கு விளங்கியது.

அதற்காக எல்லாவற்றையும் வயசுக்குள் போட்டு அடைத்துவிடாதீர்கள். சித்தப்பா அப்பாவைவிட நாலு வயசுதான் சின்னவர், அதே தெரு, அதே சுவரெழுத்துக் கூட்டம். ஆனால் இரும்பாலையில் வேலைக்குப் போனதும் தொழிற்சங்கம், செங்கொடி என்று வேறு வழியில் போய்விட்டார். அந்த ஆலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியதையும், தனியாருக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது வாசலில் உட்கார்ந்ததையும் ஒரே மூச்சில் சொல்வார். வயசு பாதி சொல்லும், கை செய்கிற வேலை மீதியைச் சொல்லும். எனக்குப் பயன்பட்டது ஒரு கேள்விதான்: அப்போ உங்களுக்கு என்ன வயசு, வீட்டில் என்ன சாப்பாடு? யாரிடம் அரசியல் பேசினாலும் இப்போது இதைத்தான் முதலில் கேட்கிறேன். "ஏன் அந்தக் கட்சி?" என்று கேட்டால் பிரசங்கம் வரும். இதைக் கேட்டால் கதை வரும். ஆனால் கேட்டுவிட்டு நடுவில் திருத்தக் கூடாது. தேதி தப்பாகச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். போனில் தேடிச் சரியான தேதியைக் காட்டுகிற சிறுசுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்தி போடுவதை நான் அன்றோடு நிறுத்தினேன். மற்றவர்கள் நிறுத்தவில்லை, அது வேறு.

மலையிலிருந்து இறங்கியதுமே பத்திரம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பட்டா கொள்ளுத் தாத்தா பெயரிலேயே இருந்தது, வாரிசுச் சான்றுகளுக்கு அலைந்தே ஒரு வருஷம் போயிற்று. இதற்குள் 2023 ஜூலை 10-ல் குடும்பப் பாகப்பிரிவினைக்கான உச்சவரம்புகளை ஏற்றிவிட்டார்கள். முத்திரைத் தீர்வை 25,000-லிருந்து 40,000, பதிவுக் கட்டணம் 4,000-லிருந்து 10,000. எங்கள் ஒவ்வொரு பங்கும் வழிகாட்டி மதிப்பில் முப்பது லட்சம் வந்தது. முன்பாக இருந்தால் பங்குக்கு 29,000-த்தோடு போயிருக்கும், இப்போது தீர்வை ஒரு சதவீதக் கணக்கில் 30,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக 40,000 கட்டினோம். நாலு பங்குக்கு 44,000 கூடுதல். மனசு ஒத்துப்போன வாரமே பட்டா, வாரிசுச் சான்று வேலையைத் தொடங்கிவிடுங்கள். கட்டணம் யாருடைய கோபம் தீரும்வரையும் காத்திருக்காது. நவம்பரில் பதிவு நடந்தது. கைரேகை வைக்கும் கருவியில் அப்பாவின் விரல் மூன்று தரம் பதியவில்லை. தறி நாடா இழுத்துத் தேய்ந்த விரல். நாலாவது தரம் அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்ட பிறகு பதிந்தது.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மறுபடி தேர்தல். இந்தத் தடவை நான் முந்தின நாளே போய்விட்டேன். காலை ஏழரைக்கே அம்மாவையும் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனோம். வெளியே வந்ததும் அப்பா விரல் மையைக் காய வைக்க ஊதிக்கொண்டே, ஐம்பது வருஷமாகக் கேட்கிற அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டார்: "யாருக்குப் போட்ட?" அம்மா, "மைய எனக்கு விரல்லதான் வெச்சாங்க, வாயில வெக்கல" என்றாள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அப்பா தட்டுவடை செட் வேண்டும் என்றார். காலையில் எந்தக் கடையும் திறந்திருக்காது என்று சொன்னேன். கேட்கவில்லை. சாயந்திரம் வரைக்கும் திண்ணையில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்து, கடை திறந்த பிறகு மருமகனை அனுப்பி அஞ்சு செட் வாங்கி வரச் சொன்னார். ஒன்றில் பூண்டுச் சட்னி வேண்டாம், அக்காவுக்கு ஆகாது என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொன்னார்.